கழலாத குப்பியும் ஸ்லோ டிராக்டரின் சனிக்கிழமையும்

ரேஃபோர்டு ஸ்டப்ஸ் சமையலறைத் தொட்டியருகே நின்று, சளி மாத்திரைக் குப்பியில் ஒட்டியிருந்த தாளை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தாள் போய்விட்டது, பசை போகவில்லை. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். கிணற்று பம்ப் பழுது பார்க்கிறவருடைய கைகள் அவை. விரல் ஒவ்வொன்றும் ஒரு கேரட் தடிமன். அந்தக் கைகளை வைத்துக்கொண்டு அவர் கிட்டாரும் வாசிப்பார் என்றால் புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். வாசித்துக் கேட்டபின் சிரிக்க மாட்டார்கள்.

அவருடைய மனைவி ஒனைடா உள்ளே வந்து குப்பியைப் பார்த்தாள்.

"அதுல இருந்த மாத்திரை எங்க?"

"ஒரு காபிக் கோப்பையில கொட்டி வச்சேன்."

"எந்தக் கோப்பை?"

"நீலம்."

"காலையில அதுலதானே காபி குடிச்ச?"

ரேஃபோர்டு கொஞ்சம் யோசித்தார். "அதான் மூக்கு இன்னைக்கு இவ்வளவு சுத்தமா இருக்கு."

ஒனைடா அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் மாவட்ட முதியோர் இல்லத்தில் பணியாள். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டிவிடுவது எல்லாம் அவள் வேலை. பிழைத்துக்கிடக்கும் ஆளைப் பார்த்து அவள் பதறியதில்லை.

"இந்தக் குப்பி பழசை விடச் சின்னது. உன் விரலுக்குப் பத்தாது" என்றாள் போகும்போது.

"பத்தும்" என்றார் அவர்.

பழைய குப்பி போன வாரம் மேடையில் உருண்டு, பாஸ் கிட்டார் வாசிக்கும் டப்பின் பூட்ஸுக்கு அடியில் போய்விட்டது. டப் "ஐயோ" என்றான். அந்த மாதத்தில் அவன் பேசிய இரண்டாவது வார்த்தை அது. மருந்துக்கடையில் இப்போது எல்லாமே பிளாஸ்டிக். கண்ணாடிக் குப்பிக்காக ரேஃபோர்டு வீட்டு அலமாரிகள் அத்தனையையும் குடைந்ததில் இந்த ஒன்றுதான் அகப்பட்டது. அதை மோதிர விரலில் தொப்பி போலப் போட்டுக்கொண்டு கம்பிகளின்மேல் வழுக்கிக்கொண்டு போனால் கிட்டார் அழும், கெஞ்சும், சில சமயம் கெட்ட வார்த்தைகூடப் பேசும். ஸ்லைடு என்று அதற்குப் பெயர். பிளாஸ்டிக் குப்பியைப் போட்டால் இருமும், அவ்வளவுதான்.

அலபாமாவின் வடக்கில், கேன் ஃபோர்டு என்ற அந்தச் சின்ன ஊரில், ஸ்லோ டிராக்டர் குழு பல வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் டல்லியின் மீன் கடையில் வாசித்துவந்தது. பொரித்த கெளுத்தி, சோளமாவு உருண்டை, கோஸ் சாலட், பெரிய தம்ளரில் ஐஸ் டீ, கடைசியில் வாழைப்பழ புட்டிங். ஒரு மூலையில் மரப்பலகை மேடை. அதன்மேல் ரேஃபோர்டு, டப், டிரம்ஸில் கிளியோஃபஸ் பேட்டில், எலெக்ட்ரிக் ஆர்கனில் ஒனைடாவின் தங்கை வெல்டா. டப் வெல்டாவின் புருஷன். வீட்டில் பேசுவானா என்று வெல்டாவைக் கேட்டால், "அப்படியும் ஒண்ணும் குறைஞ்சு போயிடலை" என்பாள்.

கிளியோஃபஸும் ரேஃபோர்டும் இளவயதில் ஒரே பஞ்சாலையில் மூட்டை தூக்கியவர்கள். இப்போது கிளியோஃபஸ் தன் சர்ச்சில் மூப்பர். ஞாயிறு காலை தம்புரின், சனி மாலை டிரம்ஸ். ரேஃபோர்டைப் பற்றி அவர் எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்வார்: "இவன் நாலு சுரம் வாசிப்பான். நாலும் எங்க பெரியப்பாகிட்ட திருடினது. அஞ்சாவதைத் திருடறதுக்குள்ள அவர் போய்ச் சேந்துட்டார்."

ரேஃபோர்டு மறுத்ததே இல்லை. மற்றபடி அவர் நல்ல மனிதர். கிணறு வற்றிய வீட்டில் கூலி கேட்க மாட்டார். நாய்க்கும் பூனைக்கும் ஒரே தட்டில் வைத்து, இரண்டும் சண்டை போட்டால் வருத்தப்படுவார். பொய் சொல்ல வராது. வராது என்பது அவருக்கே தெரியாது, அதுதான் கஷ்டம்.

போன சனிக்கிழமை டல்லி வந்து மேடையருகே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கடையின் இரண்டாம் தலைமுறை அவன். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசி வளர்ந்தவன் என்பதால் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு நேரம் பிடித்தது.

"மிஸ்டர் ரேஃபோர்டு, நீங்க வாசிச்சா எனக்கே அழுகை வருது. பிரச்சினையே அதுதான்."

"அழுகை வந்தா நல்லதுதானே."

"அழுதுகிட்டே யாரு சார் புட்டிங் கேப்பாங்க? யாரோ ஒருத்தன் பொண்டாட்டி ரயிலேறிப் போயிட்டாள்னு நீங்க ஆரம்பிச்சா, ஜனங்க முள்கரண்டியைக் கீழ வச்சுடறாங்க. மீன் ஆறிப்போகுது. அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள அந்த ரயிலே திரும்பி வந்துடும் போல இருக்கு."

பக்கத்து டவுனில் ஒருவன் இரண்டு ரெக்கார்டு பிளேயரும், உத்தரத்தில் தொங்கவிடும் கண்ணாடிச் சில்லுப் பந்தும் வைத்துக்கொண்டு கடை கடையாக டிஸ்கோ ஆட்டம் நடத்துகிறானாம். அது எழுபத்தொன்பதாம் வருடம். எல்லா ஊரிலும் அந்தப் பந்து தொங்க ஆரம்பித்திருந்தது. அவன் அடுத்த சனிக்கிழமை உத்தரத்தைப் பார்க்க வருகிறான். அன்று குழு வாசிக்கிற பாட்டுக்கு ஜனங்கள் எழுந்து ஆடினால் சனிக்கிழமை குழுவுக்கு. இல்லையென்றால் பந்துக்கு.

வெல்டா உடனே சொன்னாள்: "என்கிட்ட ஒரு பாட்டு இருக்கு."

இருந்தது. முடிதிருத்தும் நிலையத்தில் பெண்களின் தலையில் சுருள்களை மாட்டிக்கொண்டே அவள் கட்டிய பாட்டு. நாள் முழுக்க ரேடியோவில் ஓடும் சின்னச் சின்னப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். மூன்று நிமிடத்தில் முடியாதது எதுவும் பாட்டில்லை, வியாதி என்பது அவளுடைய கட்சி. 'போறேன் போறேன்னு சொன்ன, வண்டி இன்னும் வாசல்ல' என்று பல்லவி. கேட்டவர்கள் இரண்டாம் முறை கூடவே பாடினார்கள். ஒவ்வொரு பல்லவிக்கும் முன்னால் குழு முழுவதும் சேர்ந்து "ஊ… ஊ…" என்று ஒரு இழுப்பு.

"நான் ஊ சொல்ல மாட்டேன்" என்றார் ரேஃபோர்டு.

"ஏன்?" என்றாள் வெல்டா.

"ஆந்தை சொல்லட்டும்."

உள்ளபடி அவருக்குப் பயம். அவர் கம்பிகளை முறுக்கி வைத்திருக்கும் விதமே தனி. எதையும் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு முழு கார்ட் வரும். குப்பியை மேலும் கீழும் தள்ளினால் போதும். அவர் வாழ்க்கை அதிலேயே ஓடிவிட்டது. வெல்டாவின் பாட்டுக்கோ, விரல்களை மடக்கி மடக்கிப் பிடிக்கவேண்டிய கார்ட்கள் ஒரு கூடை. நடுவில் ஒன்று சோகமான கார்ட். கடைசியில் பாட்டு மொத்தமும் ஒரு படி மேலே தாவும். வாரம் முழுக்க அவர் பம்ப் கொட்டகையில் ரகசியமாகப் பிடித்துப் பார்த்தார். ஒரு விரலை வைத்தால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து நசுங்கியது. ஊர் முழுக்கத் தெரிந்த ஆள், கெளுத்தி மீன் தட்டுகளுக்கு முன்னால் தப்பும் தவறுமாகத் தடவிக்கொண்டு நிற்பதை அவர் மனக்கண்ணில் பார்த்தார். சனிக்கிழமை போய்விட்டால் மிச்ச ஆறு நாளும் பம்ப்தான். அதையும் பார்த்தார். இரண்டுமே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் வண்டியில் வரும்போது அவருக்கு யோசனை ஒன்று தோன்றியது. குப்பி விரலில் மாட்டிக்கொண்டது, கழலவில்லை என்று சொல்லிவிட்டால்? குப்பி மாட்டிய கையால் கார்ட் பிடிக்க முடியாது. யார் குற்றமும் இல்லை. வெல்டா ஆர்கனிலேயே பாட்டை ஓட்டிக்கொள்வாள். அதற்கு ஜனங்கள் ஆடினால் சனிக்கிழமை தங்கும், அவர் மானமும் தங்கும். அவருக்குத் தன் புத்தியை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

மீன் கடையின் சமையலறையில் குப்பியை விரலில் அழுத்தி மாட்டினார். முகத்தைச் சுளித்து, மற்றக் கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கழல மாட்டேங்குது."

டல்லி ஓடிவந்தான். குப்பியைப் பிடித்து இழுத்தான். பன்றிக் கொழுப்பைத் தடவினான், வழுக்கி அவனே அடுப்போரம் போய் இடித்துக்கொண்டான். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி வெல்டா திருகினாள். முடி முறுக்கிப் பழகிய கை, பிடி பிசாசுப் பிடி. கிளியோஃபஸ் வலப்பக்கமாகத் திருகலாம் என்றார். டப் ஒன்றும் சொல்லாமல் ரேஃபோர்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஆள் ஓடிவிடாமல் இருக்க. ஒவ்வொருவரும் திருகும்போது ரேஃபோர்டு "ஆ" என்றார். முதலில் நடிப்புக்காகச் சொன்னார். போகப்போக எந்த "ஆ" நடிப்பு, எந்த "ஆ" நிஜம் என்பது அவருக்கே குழம்பியது.

ஒனைடா வேலை முடிந்து சீருடையோடு வந்தாள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். கண்ணாடி வழியாக விரல் நுனியைப் பார்த்தாள். விரலைப் பார்ப்பதற்குமுன் அவர் முகத்தையும் பார்த்திருந்தாள். அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. மற்றவர்களை அவரவர் வேலையைப் பார்க்க அனுப்பிவிட்டு மெல்லச் சொன்னாள்:

"எங்க இல்லத்துல மிஸ்டர் ஹார்கின்ஸ்னு ஒருத்தர். குளிக்கிற நாள் வந்தா அவருக்குக் கால் நடக்க வராது. சாப்பாட்டு மணி அடிச்சா எனக்கு முன்னாடி போய் நிப்பாரு."

"அதுக்கு?"

"நடிக்கிறவங்களுக்கு நான் மருந்து கொடுக்கிறதில்ல."

அவள் போய் ஒரு தட்டு மீன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரேஃபோர்டுக்கு வெட்கமாகிவிட்டது. சரி, போதும் என்று தொட்டிப் பக்கம் திரும்பி நின்று குப்பியைக் கழற்றினார்.

கழலவில்லை.

ஆளாளுக்குத் திருகியதில் விரல் வீங்கியிருந்தது. குப்பியின் அடி மூடியிருப்பதால், இழுக்க இழுக்க உள்ளே இருந்த காற்று பதிலுக்கு உறிஞ்சியது. சோப்பும் கொழுப்பும் சேர்ந்து உள்ளே கஞ்சியாகிக் கிடந்தன. அவர் காலால் தொட்டியை உதைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். அப்புறம் ஒனைடாவின் மேசைக்குப் போனார்.

"ஒனைடா, இப்ப நிஜமாவே கழலல."

"ம்." அவள் சோளமாவு உருண்டையைப் பிட்டாள்.

"மொதல்ல பொய். இது நிஜம்."

"எந்தப் பக்கம் பொய், எந்தப் பக்கம் நிஜம்னு ஒரு அட்டையில எழுதிக் கழுத்துல மாட்டிக்க."

ஆனாலும் பார்த்தாள். பார்த்ததும் உருண்டையைக் கீழே வைத்தாள். விரல் நுனி சிவந்து தடித்திருந்தது. கருக்கவில்லை. மரத்துப்போகிறதா என்றாள், இல்லை என்றார். மடக்கச் சொன்னாள், கொஞ்சம் மடங்கியது.

"இனிமே யாரும் இழுக்கக் கூடாது. நீயும்தான். கையைத் தொங்கப்போடாதே, தூக்கியே வை. அப்பப்போ ஐஸ் தொட்டியில விடு. நீலமாச்சுன்னா அந்த நிமிஷமே சொல்லு, துணியைச் சுத்தி உடைச்சு எடுத்துடறேன். தானா இறங்கும்."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

"வாசிக்கத்தானே வந்த? வாசி."

உணவுக்கூடத்தில் பந்துக்காரன் ஏணி போட்டு ஏறி, உத்தரத்தில் கொக்கி மாட்ட இடம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாலை வெயில் ஜன்னல் வழியாக இன்னும் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கடை நிரம்பியிருந்தது. முதல் பாட்டு ரேஃபோர்டின் பழைய பாட்டு. ரயிலேறியவள் சீக்கிரமே ஏறினாள், ஆனாலும் பாதிப்பேர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். டல்லி கண்ணை மூடிக்கொண்டான். பந்துக்காரன் கொக்கியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டான்.

"வாசல் வண்டி" என்று தன் பாட்டை அறிவித்தாள் வெல்டா. "ரேஃபோர்டு, நீங்க சும்மா நில்லுங்க. கையைத் தூக்கிக்கிட்டு நில்லுங்க, போதும்."

அவர் நினைத்ததும் இதுதான். விரும்பியபடியே நடந்துவிட்டது. மேடையில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, சர்ச்சில் பாவ அறிக்கை செய்கிறவர் மாதிரி நின்றார். பக்கத்து மேசையில் ஒரு பெண் அவரைப் பார்த்துக் கை தூக்கி, "ஆமென்" என்றாள். டப் முதல் சுரத்தை அடித்தான். கிளியோஃபஸ் தாளத்தைப் பிடித்தார். அது நல்ல தாளம், நடந்து போகிறவன் திடீரென்று குதித்துப் போகிற மாதிரி. தனக்குப் பின்னால் தன் குழு தன்னை விட்டுவிட்டு ஓடுவதை ரேஃபோர்டு கேட்டார்.

கொஞ்ச நேரத்துக்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. முதல் பல்லவி முடியுமிடத்தில் ஒரு இடைவெளி இருந்தது. அதில் குப்பியைக் கம்பியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். 'வண்டி இன்னும் வாசல்ல' என்று வெல்டா பாடியதற்கு, வண்டி கிளம்ப மாட்டேன் என்று முனகுகிற மாதிரி இருந்தது அது. யாரோ சிரித்தார்கள். வெல்டா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள் மைக்கை மூடிக்கொண்டு.

இரண்டாவது பல்லவியில் வண்டி இருமியது, உறுமியது, பின்பக்கமாகப் போனது. கல்லாப்பெட்டியருகே ஒரு தம்பதி எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். பிறகு இன்னொரு மேசை. பின்னால் அந்தச் சோகமான கார்ட் வந்தது. அவர் கம்பிகளின் முறுக்குக்கு அது ஆகாது. அங்கே குப்பியை வைத்தால் பூனை வாலை மிதித்த சத்தம்தான் வரும். கையை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டபின் கைக்கு வேலை இல்லை, வாய் சும்மா இருந்தது. டப் அவர் பக்கம் சாய்ந்தான்.

"ஊ சொல்லு" என்றான்.

ஒரே நாளில் டப்பிடமிருந்து இரண்டு வார்த்தை. அந்த அதிர்ச்சியிலேயே ரேஃபோர்டு வாயைத் திறந்தார். "ஊ… ஊ…" அடித்தொண்டையிலிருந்து வந்தது, ஆற்றுத் தவளை மாதிரி. வெல்டாவின் குரலுக்கு அடியில் போய் அது சரியாக உட்கார்ந்துகொண்டது.

பாட்டு ஒரு படி மேலே தாவும் இடம். வாரம் முழுக்க அவரைத் தூங்கவிடாத இடம் அது. வெல்டா தலையை ஆட்டினாள். ரேஃபோர்டு குப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளினார். அவ்வளவுதான். மடக்க வேண்டிய விரல் எதுவும் இல்லை. ஆர்கனில் வெல்டாவின் பத்து விரல்களும் அவசரமாக இடம் மாறிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு விரலை ஓரங்குலம் நகர்த்திவிட்டுச் சும்மா நின்றார்.

"இதுக்கா பயந்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். மைக்கில் கேட்டது.

டல்லி ஆடுகிறவர்களைப் பார்க்கவில்லை, தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடியவர்களுக்குப் பசித்தது. உட்கார்ந்தவர்கள் மறுபடி மீன் கேட்டார்கள். புட்டிங் கேட்டார்கள். பந்துக்காரன் ஏணியிலிருந்து இறங்கி, கொக்கியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தனக்கும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு ஏணியிலேயே சாய்ந்து நின்று சாப்பிட்டான்.

இடைவேளையில் டல்லி வந்தான். "மிஸ்டர் ரேஃபோர்டு, சனிக்கிழமை உங்களோடதுதான். ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பாட்டை ஒவ்வொரு வாரமும் ரெண்டு தடவை. ரயில் பாட்டு ஒண்ணே ஒண்ணு, எல்லாரும் புட்டிங் முடிச்ச பிறகு."

"அவ பாவம், எப்ப ஊர் போய்ச் சேர்றது" என்றார் கிளியோஃபஸ்.

"இப்பவே இன்னொரு தடவை வேணுங்கறாங்க" என்றான் டல்லி.

ரேஃபோர்டின் கை சோடா புட்டிகள் மிதந்த ஐஸ் தொட்டிக்குள் இருந்தது. வெளியே எடுத்தார். குப்பி தொட்டியிலேயே தங்கிவிட்டது.

எல்லாரும் பார்த்தார்கள். மோதிர விரல் சுருங்கி வெளுத்து, வேகவைத்த நிலக்கடலை மாதிரி இருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. ஒனைடா வந்து நகத்தை அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள் வெல்டா. "இப்ப நான் எழுதி வச்சபடியே நீங்க கார்ட் பிடிக்கலாம். நான் கெஞ்சிக் கெஞ்சிக் காட்டினது வீண்போகாது."

கிளியோஃபஸ் இருமினார். டப் கூரையைப் பார்த்தான். ரேஃபோர்டு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெல்டா, எனக்கு அந்தக் கார்ட் எதுவும் பிடிக்கத் தெரியாது" என்றார். "வாரம் பூரா பிடிச்சுப் பாத்தேன். வரல. மத்தியானம் குப்பி மாட்டிக்கிச்சுன்னு சொன்னது பொய். அப்புறம் மாட்டிக்கிச்சு, அது வேற."

"தெரியும்" என்றாள் வெல்டா.

"யாரு சொன்னா?"

"உங்க மூஞ்சி. பல்லு வலிக்கிற மாதிரி வச்சிருந்தீங்க. விரலுக்கு யாராவது கன்னத்தைப் பிடிச்சுப்பாங்களா?"

"தெரிஞ்சுமா அவ்வளவு திருகின?"

"தெரிஞ்சதாலதான்."

அவர் தொட்டியிலிருந்து குப்பியை எடுத்து உதறினார். மோதிர விரலைத் தவிர்த்து, அதைவிட மெலிந்த சுண்டு விரலில் மாட்டினார். இறுக்கவில்லை, நன்றாகவே உட்கார்ந்தது. ஒனைடா ஒரு தடவை கழற்றச் சொன்னாள். கழற்றிக் காட்டினார். மறுபடி மாட்டச் சொல்லிவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பிப் போனாள். பாட்டை இரண்டாம் தடவை வாசித்தபோதும் வண்டி முனகியது, வாசலை விட்டுக் கிளம்பவே இல்லை. பந்துக்காரன் ஏணியை மடக்கிக்கொண்டு போகும்போது காலால் தாளம் போட்டபடி போனான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் மணிக்கு நிறைய நேரம் இருக்கும்போதே, ரேஃபோர்டு இஸ்திரி போட்ட சட்டையோடு வெல்டாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். வெல்டா தலையில் சுருள்களோடு வந்து திறந்தாள்.

"அந்த ஊ-வை நேத்து நான் கண்ணை மூடிக்கிட்டுப் பாடிட்டேன்" என்றார் அவர். "அடுத்த வாரம் முழிச்சுக்கிட்டுப் பாடணும். எந்தச் சுரம்னு காட்டு."

வெல்டா ஆர்கனுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினாள். ரேஃபோர்டு பாடினார். கீழே போய்விட்டது. மறுபடி அழுத்தினாள். உள்ளேயிருந்து டப், அந்த ஊரில் பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற சூடான ரொட்டியும் குழம்பும் வைத்த தட்டோடு வந்து, அதை ரேஃபோர்டின் மடியில் வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரியான சுரத்தில் "ஊ" என்றான். ரேஃபோர்டு அதைப் பிடித்துக்கொண்டார். மூவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.